பேனரில் சிரிப்பவன்

தெய்வசிகாமணியின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. திண்டிவனத்தில் மூன்று மாடி, வாசலில் பளபளவென்று கிரானைட், அறைக்கு அறை ஏசி, எல்லாம் உண்டு. கண்ணாடி மட்டும் இல்லை. குளியலறையில் பதித்திருந்ததைக்கூட ஆள் வைத்துப் பெயர்த்து எடுத்துவிட்டார். அவர் மனைவி செந்தாமரை எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் பிடித்து, அதில் மங்கலாகத் தெரிகிற நெற்றியைப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வாள். கட்டியவளின் பொட்டு நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று அந்த மனுஷர் ஒருநாளும் கவனித்ததில்லை. அதனால் தட்டே போதுமானதாக இருந்தது.

கண்ணாடிக்குப் பதில் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமானபோது கட்சிக்காரர்களுக்குப் புதிது புதிதாகப் பதவிகள் முளைத்தன. அதில் ஒன்று தெய்வசிகாமணிக்கு வந்தது. பதவி வந்த கையோடு விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. அழகன் என்றால் அப்படி ஒரு அழகன், அதை மட்டும் இல்லையென்று சொல்ல முடியாது. அடர்ந்த மீசை, அதன் கீழே பாதி மறைந்த சிரிப்பு. ஓட்டுக் கேட்கப் போன இடத்திலெல்லாம் பெண்கள் அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். பேசத் தெரியாது, படிப்பும் அவ்வளவாக இல்லை, அந்த மூஞ்சியை வைத்தே மேலே வந்தார்.

நாற்பதைத் தாண்டியதும் நரைத்தது. நரைத்தால் நரைக்கட்டுமே, குடியா முழுகிப்போய்விடும்? அவருக்கு முழுகிப்போகிற மாதிரிதான் இருந்தது. வாரம் தவறாமல் சாயம் அடித்தார். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றியோரம் அரித்தது, அரித்த இடம் கறுத்தது, கறுப்பு கன்னம் வரைக்கும் இறங்கியது. சாயத்தை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். இவர் டாக்டரை விட்டுவிட்டார். கூடவே பாட்டில், அதன் பின்னாலேயே சர்க்கரை. முகம் உப்பி, ஒரு பக்கத்து இமை தொங்கிப்போன பிறகு கண்ணாடிகள் எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. வெயிலில் தலைகாட்டுவதையும் நிறுத்திக்கொண்டார். கறுப்புத் தாள் ஒட்டிய காருக்குள் இருந்துதான் ஊரைப் பார்த்தார்.

ஆள் உள்ளே போகப் போக அவர் காரியங்கள் வெளியே வளர்ந்தன. ஏரி மண் லாரி லாரியாகப் போனது. புறம்போக்கில் கல் நட்டார்கள். வேர்க்கடலை என்கிற மல்லாட்டை போட்ட காடெல்லாம் மனைப்பிரிவு ஆனது. எதற்கும் அவர் நேரில் போகவில்லை, வலது கையான கோதண்டபாணி போய் முடித்துவிட்டு வந்தான். முகத்தைக் காட்ட வேண்டாத மனுஷருக்கு வெட்கமும் தேவைப்படவில்லை.

இவருக்கு ஒரே மகன், பிரேம்குமார். பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தான். சாதுவான பிள்ளை. அப்பா தன்னை ஒருதரமாவது நிமிர்ந்து பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதைத் தவிர அவனுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அந்த ஆசைதான் அவனைக் கெடுத்தது.

தெய்வசிகாமணியின் ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. ஊர் முழுக்கப் பேனர் வைக்கக் கோதண்டபாணி ஏற்பாடு செய்தான். பேனர் அடிக்கும் அருள், பிரேம்குமாரோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். கடையை அடைத்து ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே தலைவரையும் கூட வந்த மகனையும் உட்கார வைத்தான். பழைய ஸ்டுடியோ படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். மூக்கும் மீசையும் புள்ளி புள்ளியாக உடைந்தன.

"சின்ன படம்ண்ணே. இத்த இருபதடிக்கு இழுத்தா மூஞ்சே தெரியாது. புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்."

புதுசாக எடுத்தார்கள். திரையில் வந்ததைப் பார்த்த தெய்வசிகாமணி கீபோர்டை எடுத்துச் சுவரில் அடித்தார். அருள் நடுங்கிப்போய், வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான். "கோச்சிக்காதீங்கண்ணே, நம்ம பிரேமு அச்சு அசல் அந்த பழைய படம் மாதிரியே கீறான் பாருங்க. மீச மட்டும் விட்டா போதும்."

தெய்வசிகாமணி திரும்பினார். மகனைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்காததையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். பிரேம்குமாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"மீசைய எடுக்காத," என்றார். "இனிமே அதுல கத்தி படக்கூடாது."

மீசை வளரட்டும் என்று பிறந்தநாளையே தள்ளி வைத்தார்கள், அப்படியும் ஒரு கூத்து. வெள்ளைச் சட்டை, கரை போட்ட துண்டு, கும்பிட்ட கை, காதில் போன், விரலை நீட்டி எச்சரிக்கிற மாதிரி ஒன்று, நடந்து வருகிற மாதிரி ஒன்று என்று விதவிதமாகப் பிரேம்குமாரை எடுத்தார்கள். அருள் தோலை வழவழப்பாக்கி, தலைக்குப் பின்னால் சூரியோதயம் வைத்தான். மறுநாள் காலை பேருந்து நிலையத்து வாசலில் பிரேம்குமார் அண்ணாந்து பார்த்தான். கண்ணாடி இல்லாத வீட்டில் மீசை முளைத்த பிள்ளை. தன் முகம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே எழுதியிருந்தது அப்பாவின் பேர்தான். அது அவன் கண்ணிலேயே படவில்லை.

கட்சிக்காரர்களுக்கு விஷயம் தெரியும், சிரித்துக்கொண்டார்கள். கிராமத்து ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் தெய்வசிகாமணியைப் பக்கத்தில் பார்த்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. தலைவர் இன்னும் இளமையாகவே இருக்கிறார், புண்ணியம் பண்ணிய உடம்பு என்று பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு தெய்வசிகாமணி காலையில் மகனைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. புதுச் சட்டை வந்தால் மகனுக்குப் போட்டுப் பார்ப்பார். துண்டை எந்தத் தோளில் போடலாம் என்று மகன் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். சின்னச் சீப்பை எடுத்து அவன் மீசையை அவரே வாரிவிடுவார். சில நாள் கண் கலங்கும். அது தன்மேல் இருக்கிற பாசம் என்று பிரேம்குமார் நினைத்துக்கொண்டான். செந்தாமரை வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்த வீட்டில் அவள் சொல் எடுபட்ட நாள் எது?

பிரேம்குமாருக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் நல்ல பாலில் காபி இருக்க, பேருந்து நிலையத்துக்குப் போய்த் தன் பேனருக்குக் கீழே நின்று தண்ணி டீ குடிப்பான். குடிக்கிறவர்கள் மேலே பார்ப்பார்கள், இவனைப் பார்ப்பார்கள், சட்டென்று கைலியை இறக்கி விட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஒதுங்கல்தான் டீயில் சர்க்கரை.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில்தான் சின்னபொண்ணு வந்தாள்.

ஒலக்கூர் பக்கத்துப் பெண். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவளுக்கென்று அரை ஏக்கர் நிலம். அதைச் சுற்றியிருந்த காட்டையெல்லாம் கோதண்டபாணி வாங்கி வளைத்து, சுவர் எழுப்பி, 'சிகாமணி நகர்' என்று பேர் வைத்து, கதவும் போட்டுப் பூட்டிவிட்டான். நடுவில் இவள் நிலம். நிலத்தில் மல்லாட்டை பிடுங்குகிற பருவத்தில் நின்றது. போக வழி இல்லை. பூட்டின கதவின் பக்கத்தில் பேனரில் தலைவர் கைகூப்பி அழைத்துக்கொண்டிருந்தார், அனைவரும் வருக என்று.

விழுப்புரத்தில் அன்று மனு கொடுக்கிற நாள். சின்னபொண்ணு மஞ்சள் பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தவள், டீக்கடைப் பக்கம் திரும்பினாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். ஓடிவந்து அவன் காலடியில் விழுந்தாள்.

"தலைவரே! சாமி! உங்கள பாக்கத்தான் எத்தினி தரம் வந்தேன், உள்ளயே வுட மாட்டேன்றாங்க. என் கழனிக்கு வழி இல்லாம அடைச்சிட்டாங்கய்யா. மல்லாட்டை முத்திப் போயி மண்ணுக்குள்ளயே முளைக்குது. உங்க ஆளுங்க பண்றது உங்களுக்கு தெரியுமோ தெரியாதோ, கலெக்டர் ஆபீசுல எழுதிக் குடுத்துடலாம்னு கெளம்பிட்டேன்."

நான் அவரில்லை அம்மா, நான் அவர் மகன். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? டீக்கடை மொத்தமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கை தானாகவே மீசைக்குப் போனது. பேனரில் இருக்கிற அதே சிரிப்பு அவன் வாயில் வந்து உட்கார்ந்தது.

"மனுவெல்லாம் எதுக்கும்மா? நான் கீறேன் இல்ல. கதவத் தொறக்க சொல்றேன். நீ வீட்டுக்குப் போ."

"நெசமாவா சாமி?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

விழுப்புரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்திக் கூப்பிட்டார். சின்னபொண்ணு கையை ஆட்டி, வரலை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வழியில் தின்ன எடுத்து வந்திருந்த அவித்த மல்லாட்டையைப் பையிலிருந்து அள்ளி, இரண்டு கையிலும் ஏந்தி அவனிடம் நீட்டினாள். போன வருஷத்து வெள்ளாமை, அவளிடம் மிச்சம் இருந்தது அதுதான். அவன் வாங்கித் தின்றான். ருசியாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் வாழ்நாளில் மல்லாட்டையைத் தொடவில்லை.

செய்துவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனான், அதைச் சந்தேகப்பட வேண்டாம். ஜன்னல் சாத்திய அறையில் அப்பா படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னான். அப்பா எழுந்து உட்கார்ந்து, உப்பிய கன்னம் குலுங்கச் சிரித்தார்.

"நான்னு நெனச்சிக்கினாளா? நீயும் ஆமான்னு சொன்னியா?"

"கதவ மட்டும் தொறந்து வுடச் சொல்லுங்கப்பா. மல்லாட்டைய பிடுங்கிக்கினு போவட்டும். வாக்கு குடுத்துட்டேன்."

"கோதண்டபாணி! இங்க வா, இத்த கேளு. அந்தப் பொம்பள மனு குடுத்துட்டா ஸ்டே வந்துடும், பேஜாராப் பூடும்னு பயந்துக்கினு இருந்தியே. எம்புள்ள ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டு வந்து நிக்கிறான்." மகன் தோளைத் தட்டினார். "ஜல்தியா மிஷின வுடு. அவ அடுத்த வாரம் கெளம்பறதுக்குள்ள நெலமே தெரியக்கூடாது."

"அப்பா, நான் சொன்னது வேற..."

"நீ எங்கடா சொன்னே? நான் சொன்னேன். உன் வாயில."

அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு ஒலக்கூருக்குப் போயிருக்கலாம். அந்தப் பெண்ணைப் பிடித்து, அடுத்த பஸ்ஸில் விழுப்புரத்துக்கு ஏற்றிவிட்டிருக்கலாம். போகவில்லை. அன்று மத்தியானம் அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தன் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அவன் இலையில் வைத்தார். முள் எடுத்துத் தின்னு என்றார். இருபத்தாறு வயதுக்கு அது முதல் தடவை. நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் மீனைத் தின்றான்.

மறுநாள் அவன் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி நிலத்துக்குள் இறங்கிவிட்டது. கொடியும் காயுமாக மல்லாட்டை மண்ணோடு புரண்டுகொண்டிருந்தது. பிரேம்குமார் குறுக்கே ஓடிக் கையை ஆட்டினான். ஓட்டுபவன் வண்டியை நிறுத்தாமல், சின்ன ஐயா வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து சலாம் வைத்தான். அந்த நேரத்தில்தான் திறந்திருந்த கதவு வழியாகச் சின்னபொண்ணு உள்ளே வந்தாள். கதவைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லி, காய் போட்டுக்கொள்ளச் சாக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அழவில்லை. கத்தவில்லை. ஜேசிபியைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அவனைப் பார்த்தாள்.

"சிரிச்சிக்கினே சொன்னியேய்யா," என்றாள்.

"அம்மா, நான் அவரு இல்லம்மா. நான் புள்ள. சத்தியமா, நிறுத்தத்தான் வந்தேன்."

அவள் மெதுவாகத் திரும்பிக் கதவோரத்துப் பேனரைப் பார்த்தாள். கைகூப்பிச் சிரிக்கிற முகம். திரும்பி இவனைப் பார்த்தாள். அதே மீசை, அதே நெற்றி. யாராக இருந்தாலும் என்ன நம்புவார்களோ அதைத்தான் அவளும் நம்பினாள். சாக்கை அங்கேயே போட்டுவிட்டு வந்த வழியே போனாள்.

அன்றிலிருந்து பிரேம்குமாருக்கு ஊரில் நடக்கவே கூசியது. முனைக்கு முனை பேனரில் அவனே நின்று அவனைப் பார்த்துச் சிரித்தான். செந்தாமரை அவனைச் சமையலறைக்குள் இழுத்து வைத்துச் சொன்னாள்.

"மீசைய எடுத்துடு பிரேமு. மயிலம் கோயிலுக்குப் போயி மொட்டையும் அடிச்சிக்கினு வந்துடு. மூஞ்சி மாறிப்போச்சின்னா இவரு உன்ன வுட்டுடுவாரு."

"எடுத்துடறேம்மா."

எடுத்துவிடுவான் என்றுதான் அவனும் நினைத்தான். சலூனில் போய் உட்கார்ந்தான். எதிரே ஆளுயரக் கண்ணாடி. கடைக்காரர் துணியைப் போர்த்தி, கத்தியை எடுத்து, "தலைவர் மீசைய நான் எடுக்கவா, நல்லா கேட்டீங்க போங்க!" என்று சிரித்தார். பிரேம்குமார் கண்ணாடியைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தை மட்டும் சரி பண்ணச் சொல்லிவிட்டு வந்துவிட்டான். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த நாளைக்கு வரவே இல்லை. இத்தனை அழிச்சாட்டியத்துக்கும் பிறகு அந்த முகத்தின்மேல் அவனுக்கு ஆசை போகவில்லை என்பதை எங்கே போய்ச் சொல்லி அழ?

தன் படத்தை அழித்துவிடச் சொல்லி அருளிடம் போய்க் கெஞ்சினான். அருள் கையை விரித்தான்.

"நான் அழிச்சிட்டா மட்டும் போயிடுமாடா? உன் ஃபைல் மரக்காணத்துல இருந்து விழுப்புரம் வரைக்கும் எல்லா கடையிலயும் கீது. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம்னு எல்லாத்துலயும் ஓரத்துல உன்ன ஒட்டிக்கினுதான் இருக்கானுங்க. இனிமே அது உன் மூஞ்சி இல்லடா."

கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவனே சின்னபொண்ணுக்காக ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினான். நிலம் யாருடையது, யார் பிடுங்கினார்கள், தான் என்ன பொய் சொன்னான் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தான். வரிசையில் நின்றான். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். "தலைவரு நம்மகூட வரிசைல நிக்கிறாரு பாருங்கய்யா" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான், வரிசை கலைந்தது. பட்டா கேட்டு, முதியோர் பணம் கேட்டு, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வந்தவர்கள் எல்லாம் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். நீங்களே குடுத்துடுங்க சாமி, நீங்க சொன்னா நடக்கும் என்று அவரவர் மனுவை அவன் கையில் திணித்தார்கள். நான் அவர் இல்லை என்று அவன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. தலைவருக்கு என்ன அடக்கம் என்றார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி அவன் தோளில் சாய்த்தாள். அந்த ஒரு நொடியில், வேண்டாம் வேண்டாம் என்று உதறும்போதே, அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தனக்குக் குளிர்ந்தது என்று தெரிந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு கட்டுத் தாளோடு வெளியே ஓடிவந்து மரத்தடியில் வாந்தி எடுத்தான். அவன் எழுதியது அந்தக் கட்டில் எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. தாள்களை எல்லாம் அந்தக் கிழவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

தெய்வசிகாமணி அதற்கு நாலு வருஷம் கழித்து, இரண்டாயிரத்துப் பதினாலில், ஒரு மழைக்காலத்துக் காலையில் செத்துப்போனார். விடிந்து வெகுநேரம் வரை திண்டிவனத்துக்குத் தெரியாது. தெரிந்ததும் பேனர் கடைக்காரர்கள் வழக்கமான ஃபைலைத் திறந்தார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. பிரேம்குமார் மாலை வாங்க வெளியே வந்தான். மேம்பாலத்தில், சந்தைமேட்டில், பேருந்து நிலையத்தில், மின்கம்பத்துக்கு மின்கம்பம் அவன் செத்துக் கிடந்தான். கண்ணீர்த் துளியோடு வரைந்த இரண்டு கண்கள் மேலே, நடுவில் இவன் முகம், கீழே 'எங்களை விட்டு எங்கே சென்றாய்.' பூக்கடைக்காரம்மா அவனைப் பார்த்து அலறி, மாலையைக் கீழே போட்டுவிட்டாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டியில் அப்பா. கறுத்து, உப்பி, சாயம் பாதி இறங்கிய தலையோடு. அஞ்சலி செலுத்த வந்த கிராமத்து ஜனங்கள் மாலையோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, திகைத்து, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசலுக்குப் போய்ப் பேனரைப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்தார்கள். கோதண்டபாணி பெட்டியின் முகப்பக்கத்தில் கட்சிக் கொடியைப் போர்த்தினான். செந்தாமரை எழுந்து அதை விலக்கினாள்.

"மூடாத. பத்து வருஷமா மூடி வெச்சீங்க. இன்னிக்காவது நாலு பேரு பாக்கட்டும்."

ஆனால் பார்த்தவர்கள் யாரும் அதை அவர் முகம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பாவி மனுஷன், என்ன நோயோ, செத்ததும் உருவமே மாறிவிட்டது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு போனார்கள்.

பாடை கட்டுகிற நேரத்தில் சின்னபொண்ணு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஊரார் நிலத்தில் களை பிடுங்கிப் பிழைக்கிறாள் என்று பிரேம்குமாருக்குத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பெட்டிக்கு வந்து, குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"யாரு இது?" என்றாள். "இவன் இல்லையே."

நிமிர்ந்தாள். பெட்டியின் தலைமாட்டில் பிரேம்குமார் நின்றிருந்தான்.

"நீ சாவலையா?"

அவன் அவள் பக்கத்தில் வந்து கையைக் கூப்பினான். பேனரில் கூப்பியதைப் போலவே இருக்கிறது என்று தோன்றியதும் கையைப் பிரித்துவிட்டான்.

"இவர்தாம்மா தெய்வசிகாமணி. எங்கப்பா. உன் நெலத்த எடுத்தது இவருதான். நான் வெறும் படம்மா. என் மூஞ்சிய இவரு எடுத்துக்கினாரு."

அவள் பெட்டியையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் யாருக்கும் புரியவைக்க முடியாதது இவளுக்காவது புரிந்ததே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

"செரி, இவரு எடுத்தாரு," என்றாள் சின்னபொண்ணு. "பஸ் ஏற இருந்தவள வீட்டுக்குப் போன்னு சொன்னது யாரு? என் கையில மல்லாட்டை வாங்கித் தின்னது யாரு? அது படமா?"

அவன் பார்வை பெட்டிப் பக்கம் போனது.

"செத்தவன் மேல போடாதய்யா. நான் வாக்கு வாங்கினது உங்கிட்டதான்."

அவ்வளவுதான் சொன்னாள். சாபம் விடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்திருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அந்த நாலு வருஷமும் அவன் பிடித்துக்கொண்டு தொங்கிய ஒரே கொம்பு, நான் அவர் இல்லை என்பதுதான். அதையும் அவள் முறித்துவிட்டுப் போய்விட்டாள்.

சுடுகாட்டில் கொள்ளி வைப்பவனுக்கு முடி இறக்க வேண்டும். கிணற்றடியில் மனைப்பலகை போட்டு உட்கார வைத்தார்கள். தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தார்கள். தலைமயிர் மடியில் விழுந்தது. பிறகு மீசை. அம்மா கெஞ்சியும் கேட்காமல் வைத்துக்கொண்டிருந்த மீசை, இரண்டு இழுப்பில் போயிற்று. மேலுதட்டில் காற்றுப் பட்டது. பிரேம்குமார் கையால் தடவிப் பார்த்துக்கொண்டான். இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விடலாம். போவதற்கு முன்னால் சின்னபொண்ணு வீட்டுக்கு ஒருதரம் போகவேண்டும். அந்த நிலம் இனி தன் பேரில்தானே வரும், சுவரை இடித்து அவளிடமே கொடுத்துவிடலாம். முதன்முதலாக மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

கோதண்டபாணி பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இத்தனை வருஷமும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டவன்.

"மேலிடத்துல பேசிட்டேன். அப்பாவோட கட்சிப் பொறுப்பு உங்களுக்குத்தான். ஒரு செலவு இல்ல, பேனர்ல பேரு மட்டும் மாத்தினா போதும். சிகாமணி நகர் மனையெல்லாம் போன மாசமே ரிஜிஸ்தர் ஆயி கைமாறிப் போச்சி, அந்தப் பொம்பள வந்து கேட்டத நெனச்சி கவலப்படாதீங்க."

பிரேம்குமார் அவனைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் உடைக்க வேண்டிய தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றி, கொள்ளிக்கட்டையைக் கையில் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள்.

கோதண்டபாணி மொட்டைத் தலையையும் வெறும் உதட்டையும் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"மீச சீக்கிரம் வளந்துடும், தலைவரே," என்றான்.